பழைய மாளிகையில் புதிய குடி

ஒரு கட்டடம் எதனால் நிலைத்து வாழ்கிறது? கல்லாலும் சுண்ணாம்பாலும் என்று விடை கூறினால் அது பாதி உண்மையே ஆகும். மனிதர் புழங்கும் வரையில்தான் மாளிகைக்கு ஆயுள் உண்டு. கூரையில் விழுந்த சிறு விரிசலைக் காண ஒருவர் இருப்பின், ஒரு கூடைச் சுண்ணாம்பில் அது அடங்கிவிடும். காண்பார் இல்லையெனில் விரிசலில் ஆலம்விதை விழுந்து வேரோடும். சில மழைக்காலங்களில் சுவர் பிளந்துவிடும். எனவே, பழைய மாளிகைகளை எவ்வாறு காப்பது என்னும் வினா, அவற்றை இனி எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினாவோடு பிணைந்தே நிற்கிறது.

திருச்சிராப்பள்ளிக் கோட்டைப் பகுதியில் உள்ள இராணி மங்கம்மாள் மகாலை மாணவர் பலர் கண்டிருக்கலாம். மகாலுக்கு வழங்கும் பெயர் மங்கம்மாளுடையதே எனினும், அதனைக் கட்டுவித்தவர் அவருடைய கணவராகிய சொக்கநாத நாயக்கர். 1659 முதல் 1682 வரை ஆண்ட அவர், தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். புதிய அரண்மனைக்கு வேண்டிய பொருள்களுக்காக மதுரையில் திருமலை நாயக்கர் எழுப்பிய மாளிகையின் பகுதிகள் பிரித்தெடுக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பேரன் ஒரு மாளிகையை எழுப்பப் பாட்டனார் மாளிகை சிதைந்தது! பின்னர் நாயக்கர் ஆட்சி முடிந்தது, நவாபுகள் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், அரண்மனை வளாகத்தில் அரசு அலுவலகங்கள் இடம்பெற்றன. 1983-இல் திருச்சியில் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம், 1990-களின் பிற்பகுதியில் இம்மகாலுக்கு மாறியது. மன்னர் கொலுவிருந்த கூடத்தில் இன்று பள்ளிச் சிறுவரும் தடையின்றி நுழைகின்றனர்.

இதற்கு முன்மாதிரியாகத் தஞ்சை நகரம் விளங்கிற்று. கருந்தட்டாங்குடியில் கவனிப்பாரற்றுக் கிடந்த நான்முகன் சிலையொன்றைக் கல்கத்தாவிலுள்ள அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு நடந்தது. அதுவரை அச்சிலையைப் பொருட்படுத்தாத ஊரார், அது ஊரைவிட்டுப் போகிறதென்றதும் விழித்துக்கொண்டு தடுத்தனர். அப்பொழுது மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த டி. கே. பழனியப்பன், அதனைத் தஞ்சை அரண்மனையில் சேர்ப்பித்தார். அவ்வாறு சேர்ந்த சிலைகளைக் கொண்டு 1951-இல் கலைக்கூடம் உருவாயிற்று. நாயக்கரும் மராட்டியரும் வாழ்ந்த அவ்வரண்மனை, 1855-இல் மராட்டிய அரசுரிமை முடிந்தபின் நோக்கமிழந்து நின்றது. திருவெண்காட்டில் கிடைத்த இடபவாகனர் செப்புத் திருமேனியும் அங்கேதான் உள்ளது. முதலாம் இராசராசன் காலத்து அத்திருமேனியின் கை, காளையின்மேல் ஊன்றுவதற்கென வளைந்திருக்கிறது. காளையோ இன்று இல்லை. ஆயினும் காண்போர் கண்ணுக்குக் காளை தோன்றிவிடுகிறது.

பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்குவது எளிய செயலன்று. அரண்மனையை வகுத்தவர்கள் காற்றையும் வெளிச்சத்தையும் விரும்பினர். ஆகவே வளைவுகளையும் திறந்த முற்றங்களையும் அமைத்தனர். ஓவியத்திற்கோ வெயில் பகை. ஈரம் அதனினும் கொடிய பகை. படம் தொங்கவிட அகன்ற சுவர் வேண்டும். அரண்மனையிலோ சுவரினும் தூண்களே மிகுதி. இதற்காக வளைவுகளை அடைத்துச் சுவரில் ஆணியறைந்தால், கலையைக் காக்கப்போய்க் கட்டடத்தை இழப்போம். தனித்து நிற்கும் தட்டிகளில் படங்களை அமைத்து, வேண்டாதபொழுது வடுவின்றி அகற்றுவதே நல்ல முறை. பழுதுபார்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். வலிமை தருவதாக எண்ணிச் செய்தது அழிவையே தரும்.

மற்றொரு வினாவும் எழுகிறது. இம்மாளிகைகள் பண்டைப் பொருள்களுக்கு மட்டுந்தான் உரியனவா? இன்று வாழும் கலைஞருக்கு அங்கே இடமில்லையா? இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பயனிழந்து நின்ற மின்நிலையம் ஒன்று, 2000-இல் டேட் மாடர்ன் என்னும் தற்காலக் கலைக்கூடமாயிற்று. நமக்கு அருகில் கொச்சிக் கோட்டையில், வணிகர் மிளகும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த ஆஸ்பின்வால் பண்டகசாலையில் 2012 முதல் கொச்சி முசிறிக் கலைவிழா நடைபெற்று வருகிறது. பழைய சுவரும் புதிய ஓவியமும் எதிரெதிரே நிற்கும்பொழுது ஒன்றையொன்று விளக்குகின்றன.

திருச்சிச் சீமையில் அரண்மனைகள் தலைநகரில் மட்டும் எழுந்தவையல்ல. துறையூர், அரியலூர், உடையார்பாளையம் ஆகியவை பாளையங்களாக இருந்தவை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. உழுதவனுக்கு அது நீதி, அதில் ஐயமில்லை. ஆனால் ஜமீன் மாளிகைகளைப் பேணிய வருமானமும் அதனுடன் நின்றது. தமிழகத்தில் அத்தகைய மாளிகைகள் பல அன்றுமுதல் கூரையிழந்து வருகின்றன. குடியானவர் செலுத்திய வரியாலும் கொத்தர் கைத்திறனாலும் எழுந்தவை அவை. எனவே அவற்றின்மீது ஊருக்கும் ஓர் உரிமை உண்டு. உரிமை உண்டெனில் கடமையும் உண்டு. உடையவர் இசைவோடு ஒரு மாளிகையின் ஒரு கூடமேனும் ஊர்க் கலைக்கூடமானால், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் தம் ஓவியங்களைப் பெருநகர்களுக்குச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை; சுவாமிமலைச் சிற்பிகளின் வார்ப்புகளையும் நம் ஊர்ச் சிறுவர் அருகிருந்து காணலாம்.

மாணவர்களே, இதற்குப் பெரும்பொருள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றை இசைவு பெற்றுச் சென்று பாருங்கள். அதன் தூண்களை எண்ணி, வளைவுகளை அளந்து, வரைபடமாக எழுதி வையுங்கள். முதியோரிடம் அதன் கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருந்தட்டாங்குடி மக்கள் சிலையின் அருமையை அது பெயரும் வேளையில்தான் உணர்ந்தனர். நாமோ, நம் மாளிகைகள் நிற்கும்பொழுதே அவற்றின் அருமையை உணர்வோமாக.