ஆறாவது தீப்பந்தம்

யூகோஸ்லாவியா எண்டொரு நாடு இப்ப இல்லை. அதன் அரச இலச்சினையில் கோதுமைக் கதிர்களுக்கு நடுவே தீப்பந்தங்கள் ஒரே சுவாலையாக எரியும், கீழே 29.11.1943 என்ற திகதி. அன்றுதான் பொஸ்னியாவின் யாய்ட்சே நகரில் கூடிய பார்ட்டிசான்கள் கூட்டாட்சி நாடு அமைக்க முடிவெடுத்தார்கள்.

ஆனா முதலில் பந்தங்கள் ஐந்துதான்: சேர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர், மசிடோனியர், மொன்டினீக்ரோவினர். குடியரசுகளோ ஆறு. திகதியைக் கொடுத்த பொஸ்னியாவுக்கே தனிப் பந்தம் இல்லை! 1963இல்தான் ஆறாவது வந்தது. அதோடு பந்தங்கள் இனங்களை விட்டுக் குடியரசுகளைக் குறிக்கத் தொடங்கின.

எங்களை உறுத்துவது அதுக்குப் பிறகும் வெளியே நின்றவர்கள். அல்பானியர்கள் மொன்டினீக்ரோவினரைவிட எண்ணிக்கையில் கூட. ஆனாலும் அவர்கள் செறிந்து வாழ்ந்த கொசோவோ, சேர்பியாவுக்குள் ஒரு சுயாட்சிப் பிரதேசம் மட்டுமே. 1968இல் குடியரசு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 1974 அரசியலமைப்பு நிறைய அதிகாரம் கொடுத்தது, குடியரசைக் கொடுக்கவில்லை. இலச்சினையிலும் கடைசிவரை ஆறு பந்தங்கள்தான்.