முதலில் வந்தது மரமா, கம்பியா?

உங்கள் தெருவில் பழைய மரம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், இன்றைக்கு வெளியே போகும்போது ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகிற பக்கம் கிளையே இருக்காது. ஒரு பக்கமாகக் கழித்திருப்பார்கள். அப்படியே குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். சுற்றிலும் இறுக்கமாக சிமென்ட்! வாய்க்கால் தோண்டியதில் பாதி வேர் போயிருக்கும். இத்தனையும் செய்துவிட்டு, ஒரு காற்றுக்கு மரம் சாய்ந்தால், 'கிழட்டு மரம் சார், உளுத்துப்போச்சு' என்று பழியை அதன் தலையிலேயே போட்டுவிடுகிறோம்.

சாலையோர மரத்துக்கு அரசாங்கம் விதி போட்டது இன்று நேற்றல்ல. அசோகர் நிழலுக்காக ஆலமரம் நட்ட கதை பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் கதை வேறு. 1552-ல் இரண்டாம் ஹென்றி மன்னர், நெடுஞ்சாலை ஓரமெல்லாம் எல்ம் மரம் நடும்படி ஆணை போட்டார். காரணம் நிழல் இல்லை. பீரங்கி வண்டி செய்யப் பலகை வேண்டும்!

அடுத்து வந்தார் நெப்போலியன். 1811 டிசம்பர் 16-ல் அவர் போட்ட சாலை ஆணையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். சாலை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர் மரம் நட்டே ஆகவேண்டும். சாலைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நடவேண்டும். மரம் அவருக்கே சொந்தம். ஆனால், சாலைத் துறையின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. வெட்டினால் உடனே இன்னொன்று நட்டாக வேண்டும். அந்த 'ஒரு மீட்டரை' நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். (ஒரு வேடிக்கை... அந்த ஆண்டு புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1816-ல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.)

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் 1885-ல் தந்திச் சட்டம் வந்தது. தந்திக் கம்பிக்கு மரம் இடைஞ்சல் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அகற்றலாம். ஆனால், கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே இருந்திருந்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். முதலில் வந்தது யார் என்பதுதான் கேள்வி! 2003 மின்சாரச் சட்டத்தின் 68-வது பிரிவிலும் இதே நியாயம் இருக்கிறது.

நல்ல விதிதான். ஆனால், காமர்ஸ் படித்த என் புத்தி வேறு கணக்குப் போடுகிறது. தோட்டத்து மாமரம் என்றால் உரிமையாளர் வந்து நஷ்டஈடு கேட்பார். தெருவோரப் பூவரசுக்காக யார் போய்க் கேட்பது? பொது மரம் உயிரோடு நிற்கும்வரை எந்தப் பேரேட்டிலும் அதற்கு மதிப்பில்லை. விழுந்த பிறகு விறகு ஏலத்தில்தான் முதன்முறையாக வரவு வைக்கப்படுகிறது!

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1947-ல் இங்கிலாந்து கொண்டுவந்த நகரமைப்புச் சட்டம், நாம் வீடு கட்ட அனுமதி கேட்கச் சொன்னது. ஆனால், சாலைத் துறை தன் சாலையைப் பராமரிப்பதை 'கட்டுமானம்' என்றே கணக்கில் எடுக்கவில்லை. 1957 டெல்லி வளர்ச்சிச் சட்டமும், அரசுத் துறைகள் குழாய், கேபிளுக்காகத் தெருவைத் தோண்டுவதற்கு விலக்கு தந்தது. அவசரத்துக்கு விலக்கு தேவைதான்... குழாய் உடைந்தால் மனு போட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்க முடியும்? ஆனால், அந்த மண்வெட்டி முதலில் சந்திப்பது வேரைத்தான். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு மூன்று அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் காற்றில் நல்ல மரமும்தான் விழும், மறுக்கவில்லை. ஆனால், வேர் அறுபட்டு, ஒரு பக்கம் மட்டும் கிளை சுமந்து நிற்கிற மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல ஜோசியரா வேண்டும்? எந்தக் கம்பிக்காக வெட்டினோமோ, அந்தக் கம்பியையே இழுத்துக்கொண்டு விழும்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டைப் பெயர்த்து எடுங்கள், அறைந்த ஆணிகளையும் பலகைகளையும் கழற்றுங்கள் என்று. நெப்போலியனின் அதே ஒரு மீட்டர்! அன்றைக்குப் பள்ளத்திலிருந்து மரம் தள்ளி நின்றது. இருநூறு வருடம் கழித்து மரத்திலிருந்து சிமென்ட்டைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்கிறீர்களா? வைத்திக்குப்பத்துக்கு மாசி மகத்தன்று வந்து பாருங்கள். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார், செஞ்சி ரங்கநாதர் என்று ஊர் ஊராக சுவாமிகள் தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்கு வருகிறார்கள். நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பாதை எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த கிளை எது, தொங்குகிற கம்பி எது என்று முன்கூட்டியே பார்க்க முடிகிறது.

ஐப்பசி, கார்த்திகையும் அதே பஞ்சாங்கத்தில்தானே இருக்கின்றன? 1916 கார்த்திகையில் புதுச்சேரியைச் சூறையாடிய புயலைப் பாரதியாரே இங்கிருந்து பார்த்துப் பாடியிருக்கிறார். 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' வந்ததும் அதே கார்த்திகையில்தான். மழைக்கு முன்பே இரண்டு பக்கமும் சமமாகக் கழிப்பது, வாய்க்காலை ஒரு மீட்டர் தள்ளித் தோண்டுவது... இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் தெருவில் அரிவாளோடு ஆட்கள் வந்தால் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தப் பக்கம் வெட்டுறீங்க... அந்தப் பக்கம் பாரம் சரியா இருக்கா?"