இல்லாத விமானத்தைச் சுட்டு வீழ்த்திய கதை

பழைய விமானப் புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் சிலருக்குச் சோறு தண்ணி வேண்டாம். இறக்கை நுனி வட்டமா சதுரமா, சக்கரம் உள்பக்கம் மடங்குகிறதா வெளிப்பக்கமா, வால் இறக்கைக்கு அடியில் முட்டுக்கம்பி இருக்கிறதா... என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது இன்ன விமானம்" என்று சொன்னால்தான் தூக்கமே வரும். இரண்டாம் உலகப்போர் காலத்து இங்கிலாந்தில் இதற்கென்றே 1941ல் 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்று ஒரு பத்திரிகை வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் வரை விழுந்து விழுந்து படித்தார்கள். குண்டு போட வருவது யார் என்று தெரியவேண்டுமே!

இந்தப் பொழுதுபோக்கின் சரித்திரத்தில் மிகப்பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. ஹெய்ங்கல் ஹெச்.ஈ.113.

1940ல் ஜெர்மன் பத்திரிகைகளில் ஒரு புதிய போர் விமானத்தின் படங்கள் வரத் தொடங்கின. வரிசையாக நிற்கும் விமானங்கள், விதவிதமான படைச் சின்னங்கள். பார்க்கிறவர்களுக்கு, பல படைப்பிரிவுகள் இதை ஓட்டுகின்றன என்றுதான் தோன்றும். பிரிட்டனின் அடையாளக் கையேடுகளிலும் இந்த விமானம் இடம் பிடித்தது.

உண்மை என்ன? அது ஹெச்.ஈ.100 என்ற விமானம். சாதாரணமானது அல்ல. 1939 மார்ச் 30ந்தேதி ஹான்ஸ் டீட்டர்லே அதை மணிக்கு 746 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார். (ஒரு மாதம்கூட நிற்கவில்லை, ஏப்ரல் 26ந்தேதி மெஸ்ஸர்ஷ்மிட் முறியடித்துவிட்டது.) ஆனால் ஜெர்மன் அரசு மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐத்தான் வாங்கியது. ஹெய்ங்கல் ஆறு விமானங்களைச் சோவியத் யூனியனுக்கும் மூன்றை ஜப்பானுக்கும் விற்றது. மிச்சம் இருந்தது ஒரு டஜன். அவற்றுக்குத்தான் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, போலிச் சின்னங்கள் வரைந்து, புதுப்பெயர் சூட்டிப் படம் எடுத்தார்கள். ஒரே சரக்கை நாலு கிடங்குக் கணக்கில் காட்டுவது மாதிரி!

பலன் கைமேல் கிடைத்தது. 1940 கோடையில் பிரிட்டிஷ் விமானிகள் ஹெச்.ஈ.113உடன் சண்டை போட்டதாக அறிக்கை கொடுத்தார்கள். சுட்டு வீழ்த்தியதாகவும் எழுதினார்கள். பொய் சொல்லவில்லை, பாவம். மின்னல் வேகத்தில் கண்முன் கடந்து போவது மெஸ்ஸர்ஷ்மிட்தான். ஆனால் மனதில் ஏற்கெனவே அந்தப் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே!

இதில் படம் பார்த்து அடையாளம் சொன்னவர்கள் தப்பே செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. மெஸ்ஸர்ஷ்மிட் 109க்குச் சக்கரங்கள் வெளிப்பக்கம் மடங்கும், அன்றைய மாடலில் வாலுக்கு முட்டுக்கம்பி உண்டு. படத்தில் இருந்ததற்குச் சக்கரங்கள் உள்பக்கம் மடங்கும், கம்பி கிடையாது. ஆக, அது வேறு விமானம் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெயரும் எண்ணிக்கையும்தான் பொய். அந்த இரண்டையும் எந்த இறக்கையின் வளைவும் சொல்லாது. தெற்கு இங்கிலாந்தின் வயல்களில் மெஸ்ஸர்ஷ்மிட்கள் எத்தனையோ விழுந்து கிடந்தன. ஒரு 113இன் உடைந்த பாகம்கூடக் கிடைக்கவில்லை. அங்கேதான் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

இதே வேலையில் சாதித்தவர்களும் உண்டு. போருக்கு முன் விமானப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித், 1943 நவம்பரில் பீனமுண்டே மேலிருந்து எடுத்த படத்தில், சாய்தளத்தின்மேல் சிலுவை போலத் தெரிந்த ஒரு துளியைக் கண்டுபிடித்தார். அதுதான் பின்னாளில் லண்டன்மேல் விழுந்த வி-1 பறக்கும் குண்டு.

ஹெச்.ஈ.100ல் இன்று ஒன்றுகூட முழுசாக மிச்சமில்லை. அதன் உருவத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கடைசியில் போய் நிற்பது அந்தப் போலிப் படங்களின் முன்னால்தான். சின்னத்தை விட்டுவிட்டு இறக்கையைப் பார்க்கிறார்கள்.