ஈந்த உடலும் ஈயவியலா உடலும்: குழந்தை வைத்தியப் பயிற்சியில் சரீர தானத்தின் எல்லை

ஜார்ஜ் டவுன் நகரில், பினாங்குப் பொது மருத்துவமனைக்கு அணித்தாக, சிப்பாய் லைன்ஸ் சாலையில் 1996-ஆம் ஆண்டு தோன்றிய மருத்துவக் கல்லூரியின் மாணாக்கர், தம் படிப்பின் முற்பகுதியை அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் கழித்து, அந்நாட்டார் தம் வாழ்நாளிலேயே மனமுவந்து எழுதிவைத்த தேகங்களின் வாயிலாக மனித சரீரத்தின் அமைப்பைக் கற்று, அதன் பின்னரே இத்தீவுக்குத் திரும்பி நம் நோயாளிகளின் படுக்கையருகே நிற்பது வழக்கமாயிற்று. முகமறியாத ஓர் ஐரிஷ் முதியவரின் ஈகையால் பினாங்குக் குழந்தை ஒன்று பிழைக்கக்கூடும் என்பது எண்ணுந்தோறும் நெகிழத்தக்க செய்தியே. ஆயினும் அந்நெகிழ்ச்சிக்குள் இரண்டு வினாக்கள் உறைந்து கிடக்கின்றன. முதியவரின் உடல் குழந்தையின் உடலைப் பற்றி எவ்வளவு தூரம் கற்பிக்க வல்லது? அதற்கு அப்பால் கற்க வேண்டியதை யாரிடமிருந்து, எந்த உரிமையால் பெறுவது? முதல் வினா சாஸ்திரத்தைச் சார்ந்தது. இரண்டாவது தருமத்தைச் சார்ந்தது. இரண்டையும் சேர்த்து ஆராயாமல் விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சாஸ்திர வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். மூளைக்காய்ச்சல் என்று ஐயுறப்பட்ட சிசுவின் முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டிய வேளையில், செவிலி அதனை ஒருக்களித்துக் கிடத்தி, முழங்காலும் வயிறும் நெருங்குமாறு வளைத்துப் பிடிக்கிறார். வைத்தியர் இடுப்பெலும்பின் இரு முகடுகளையும் விரலால் தடவி, அவற்றை இணைக்கும் கோட்டை மனத்தில் வரைந்துகொண்டு, முள்ளெலும்புகளின் இடைவெளியில் ஊசியைச் செலுத்துகிறார். வளர்ந்தோரில் தண்டுவடம் முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிந்துவிட, பிறந்த சிசுவிலோ அது மூன்றாவது வரை தாழ்ந்திருக்கக் கூடும். உறையைத் துளைக்கும்போது பெரியவரிடம் கைக்குத் தெரியும் அந்த மெல்லிய நெகிழ்வு சிசுவில் பல வேளைகளில் தெரிவதே இல்லை. சுவாசக் குழாயைச் செலுத்தும்போதும் இத்தகைய வேற்றுமையே எதிர்ப்படுகிறது. பெரியவருக்குத் தலையின் கீழ் வைக்கும் துணியை, பின்மண்டை பெருத்த சிசுவுக்குத் தோளின் கீழ் மடித்து வைக்க வேண்டும். அதன் மூச்சுக்குழல் முழுவதுமே நான்கைந்து சென்டிமீட்டர் நீளந்தான் ஆதலின், ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கிய குழாய் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்றைக் கொடுத்து இடதைப் பட்டினி போட்டுவிடும். பிறந்த சில நாட்களுக்கு மருந்து செலுத்தும் வாயிலாக விளங்கும் தொப்புள் நாளமோ, வளர்ந்தவர் உடலில் வெறும் நார்க்கயிறாகச் சுருங்கிப்போகிறது. இல்லாத நாளத்தில் எவ்வாறு அப்பியாசம் செய்வது?

இவ்வேற்றுமைகள் எல்லாம் ஏட்டில் முன்பே பதிவாகிவிட்டன என்று கருதுவதும் பிழை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக உடற்கூற்றியலார் சிசுக்களின் பதப்படுத்திய உடல்களை அளந்து பார்த்தபோது, குடலிறக்க சிகிச்சைக்காக மரக்கச் செய்ய வேண்டிய அரையிடுக்கு நரம்புகள், பெரியவர் அளவைக் கொண்டு ஊகித்ததைவிட இடுப்பெலும்பின் முனைக்கு மிக அருகில் ஓடுவதைக் கண்டனர். பெரியவர் உடலைச் சுருக்கி வரைந்த படம் குழந்தையின் படம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, உடலைப் பதப்படுத்தும் முறை. 1893-இல் பெர்டினாண்ட் புளும் என்ற ஜெர்மானியர் பார்மலின் திசுக்களைக் கெட்டிப்படுத்திக் காக்கும் தன்மையைக் கண்டறிந்தது முதல் உலகெங்கும் உடற்கூற்றுச் சாலைகள் அத்திரவத்தையே நம்பி வந்தன. அது அழுகலைத் தடுக்கும். ஆனால் மூட்டை மரமாக்கி, தோலைத் தோற்பலகையாக்கி விடும். அமைப்பைக் கண்ணால் கற்க அது போதும்; ஊசியின் அழுத்தத்தையும் கழுத்தின் வளைவையும் கையால் கற்கப் போதாது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து வால்டர் தீல் 1992-இல் வெளியிட்ட முறை, உப்புகளும் போரிக் அமிலமும் மிகுந்து பார்மலின் குறைந்த கலவையால், மூட்டுகள் மடங்கவும் தசை நெகிழவும் இடம் கொடுத்தது. தைவானின் ஹுவாலியென் நகரிலுள்ள த்ஸூ சீ பல்கலைக்கழகம் வேறொரு வழியில் சென்று, தானமாக வந்த உடலை விரைந்து உறையவைத்து, பயிற்சி வேளையில் இளக்கிப் பயன்படுத்துகிறது. அவ்வுடல்களுக்கு அங்கு வழங்கும் பெயர் 'மௌன ஆசான்' என்பது. அதே நெறியை மலாயாப் பல்கலைக்கழகம் 2012-இல் கோலாலம்பூரில் தொடங்கிற்று. பயிற்சிக்கு முன் இறந்தவரின் குடும்பத்தாரை மாணாக்கர் சந்தித்து அவர் வாழ்க்கையைக் கேட்டறிவதும், பயிற்சி முடிந்தபின் உடலைத் தைத்து உடுத்தி ஈமக்கடனுக்காகத் திருப்பி ஒப்படைப்பதும் இம்முறையின் உயிர்நாடி. பெயரும் கதையும் உடைய ஒருவர்முன் கையிலெடுத்த கத்தி தானாகவே அடக்கம் கற்கிறது.

இவ்விடத்தில்தான் தரும வினா எழுகிறது. மௌன ஆசான் ஆசானாவது அவருடைய சம்மதத்தால். அவர் கொடுத்தார், ஆகவே நாம் பெறுகிறோம். சிசுவுக்கோ சம்மதம் என்ற ஒன்று உருவாகவே காலம் வாய்க்கவில்லை. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டமும், உற்றாரின் இசைவின் பேரில் உடற்பாகங்களை மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்த இடந்தரும் 1974-ஆம் ஆண்டு மனிதத் திசுக்கள் சட்டமும் நம்மிடம் உள்ளன. எனினும் சட்டம் திறந்த கதவின் வழியே எப்படி நுழைவது என்பதைச் சட்டம் சொல்வதில்லை.

தமிழர் மரபு இதில் மௌனமாக இல்லை. இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற ஊன் பிண்டத்தையும்கூட ஆள் அல்ல என்று தள்ளாமல், வீரர்க்குரிய வாள்தழும்பை அளித்தே அடக்கம் செய்யும் அரச வழக்கைப் புறநானூற்றின் 74-ஆம் பாடல் காட்டுகிறது. வழக்கின் கடுமை நமக்கு உவப்பாகாவிடினும், பிறந்தது எதுவாயினும் அதற்கு மனிதப் பதவி உண்டு என்ற உணர்வு அதிலிருக்கிறது. வளர்ந்தோரை எரித்தாலும் குழந்தையைப் புதைக்கும் நம் வழக்கமும் இன்றுவரை மாறவில்லை. சுசுருதர் மனித எலும்புகளை முந்நூறு என்று எண்ணியதற்கு, எரியூட்டப்படாத சிறு குழந்தைகளின் உடல்களை அவர் ஆராய்ந்ததும் ஒரு காரணமாகலாம் என்பது அறிஞர் சிலரின் ஊகம். அது உண்மையாயின், அக்குழந்தைகளின் தாயரை யார் கேட்டார்கள் என்று நாம் வினவத்தான் வேண்டும்.

கேளாமல் எடுத்ததன் விளைவை அண்மைக் காலமும் கண்டது. இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள ஆல்டர் ஹே குழந்தை மருத்துவமனையில் 1988 முதல் 1995 வரை இறந்த குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோர் அறியாமல் அகற்றிச் சேர்த்து வைக்கப்பட்டமை 1999-இல் வெளிப்பட்டபோது, ஒருமுறை அடக்கம் செய்த குழந்தையை மீண்டும் அடக்கம் செய்யும் கொடுமை பெற்றோருக்கு நேர்ந்தது. அதன் பயனாகவே அந்நாட்டில் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்ட 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

அறிவின் அவசரம் சம்மதத்தை விஞ்சாதா என்று வினவுவோர் பினாங்கின் மைந்தராகிய டாக்டர் வூ லியென்-தேயைச் சான்று காட்டலாம். 1879-இல் இவ்வூரில் பிறந்து 1960-இல் இவ்வூரிலேயே மறைந்த அப்பெரியார், 1910-இன் இறுதியில் ஹார்பின் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, சவத்தை அறுப்பதை நாட்டு வழக்கம் ஒப்பாத நிலையில், இறந்த பெண் ஒருத்தியின் உடலைச் சோதித்து, நோய் நுரையீரலைப் பற்றிக் காற்றின் வழி பரவுவது என்ற உண்மைக்கு வழி கண்டார். அன்று ஊரே எரிந்தது. கேட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. பயிற்சிச் சாலைக்கு அத்தகைய அவசரம் கிடையாது. தீ விபத்தில் சுவரை இடித்தவரைப் பாராட்டுகிறோம் என்பதற்காக, நாள்தோறும் சுவர் ஏறிக் குதிக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது.

பொம்மைகளே போதும், உடலே வேண்டா என்போரும் உளர். மூச்சு நின்ற குழந்தைக்கு மார்பை அழுத்தும் வரிசையையும், குழுவாகப் பணிபுரியும் ஒழுங்கையும் பொம்மை நன்கு கற்பிக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பொம்மை, அதைச் செய்தவர் அறிந்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். நரம்பு எதிர்பாராத இடத்தில் ஓடுகிறது என்ற செய்தியைப் பொம்மை ஒருநாளும் சொல்லியிராது.

ஆகவே நான் துணியும் முடிபு இதுவாகும். திசுவைப் பேணுதல், தைத்தல், கருவியைப் பிடித்தல் ஆகிய பொதுக் கைத்திறனுக்கு நெகிழப் பதப்படுத்திய வளர்ந்தோர் உடலே உரிய பள்ளி. குழந்தைக்கே உரிய நுட்பங்களுக்குச் சிசு உடல் இன்றியமையாதது. ஆயினும் அதனை இரந்து பெறலாகாது. துயரத்தில் மூழ்கிய பெற்றோரைச் சிகிச்சை செய்த வைத்தியரே அணுகிக் கேட்பது, கேள்வியின் உருவில் வந்த வற்புறுத்தலாகவே முடியும். தாமே முன்வரும் பெற்றோரின் கொடையை மட்டும் ஏற்று, அவ்வோர் உடலிலிருந்து அளவுகளும் படங்களும் அச்சுருவங்களும் எடுத்துப் பல தலைமுறை மாணாக்கருக்குப் பயன்படுமாறு செய்து, குறித்த நாளில் அதனை மண்ணுக்குத் திருப்பித் தருவதே முறை. அவ்வாறு ஏற்கும் ஒழுங்கும் ஆளும் பினாங்கில் அமைய வேண்டும்.

சிசு உடல்கள் எப்போதும் அரியனவாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால் எஞ்சும் கடமை வளர்ந்தோராகிய நம்முடையது. நம் உடலுக்கு நாமே சம்மதம் தர முடியும். அதற்குரிய படிவத்தில் கையொப்பமிட்டு, இட்டதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.