நம்ம ஊருக்கு ரயில் வந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கோயமுத்தூர்க்காரர்களிடம் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. ரயில் முதலில் வந்தது திருப்பூருக்குத்தான். கோவை நகருக்கு அது 11 ஆண்டுகள் கழித்தே வந்தது.

'மெட்ராஸ் ரயில்வே' என்ற கம்பெனி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். கம்பெனியின் இலக்கு மேற்குக் கடற்கரை, கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பேப்பூர். வேலை இரண்டு பக்கமிருந்தும் நடந்தது. மேற்கே பேப்பூர் - திரூர் பாதை 1861 மார்ச்சில் திறந்தது. கிழக்கே சேலம், சங்ககிரி, ஈரோடு தாண்டி, நம் ஊர் வழியாக 1862இல் போத்தனூரைத் தொட்டது. கோவை நகரம் அந்தப் பாதையில் இல்லை. 1873இல் போத்தனூர் - மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ரயில். இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போகும் தண்டவாளம் இன்றும் இருக்கிறது. அதுதான் பழைய மெயின் லைன்.

சரி, எதற்காகப் போட்டார்கள்? நாம் ஊருக்குப் போய் வரவா? இல்லை. அவசரத்துக்குப் படையை அனுப்புவது ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம் பருத்தி. இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பருத்தியை நம்பியே ஓடின. ஒரே நாட்டை நம்பியிருப்பது அவர்களுக்குக் கவலை. ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் 1842 முதல் 1853 வரை கோவைப் பகுதியில் அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். நம் காடுகளில் உப்பமும் நாடமும் விளைந்த காலம் அது.

இதில் ஒரு கணக்கும் உண்டு. லண்டனில் ரயில்வே பங்கு வாங்கியவர்களுக்கு 100 பவுனுக்கு வருஷம் 5 பவுன் நிச்சயம் என்று உறுதி கொடுத்தார்கள். ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் 5 பவுன் போய்ச் சேரும். குறைந்த பணத்தை இந்தியாவின் வரிப்பணத்தில் ஈடுகட்டினார்கள். லாபம் அங்கே, நஷ்டம் இங்கே. நம் பாட்டன்மார் கட்டிய நிலவரியும் அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது.

பாதை முடிந்த வேளையைப் பாருங்கள். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் அடைத்துவிட்டன. லங்காஷயரில் பஞ்சு இல்லாமல் மில்கள் நின்றன. இந்தியப் பருத்தி விலை எகிறியது. அந்த நேரத்தில்தான், 1862இல், நம் ஊர் ரயில் பாதைக்கு வந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. தண்டவாளம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அதை நம் ஆட்கள் தமக்காக மாற்றிக்கொண்டார்கள். பஞ்சு வெளியே போகப் போட்ட பாதையில் ஜின்னிங் பேக்டரி வந்தது, கதர் வந்தது, பிறகு பனியன் வந்தது. ரயில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிணறு வெட்டிப் பாடுபட்ட விவசாயியும், துணிந்து தொழில் போட்டவரும் இல்லாமல் திருப்பூர் இல்லை. ஆனால் காதர்பேட்டைக் கடைகளுக்குச் சரக்கு எடுக்க வருகிற வெளியூர் வியாபாரியும், தன்பாத் எக்ஸ்பிரஸில் வேலை தேடி வந்து இறங்குகிற வடமாநிலப் பிள்ளையும் வருவது அந்த 1862 பாதையில்தான்.

எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று. கம்பெனியின் பெயர் இருக்கிறது, அதிகாரிகளின் பெயர் இருக்கிறது. கூடையில் மண் சுமந்த பெண்களின் பெயர் இல்லை. ஆனைமலைக் காட்டில் சிலிப்பர் கட்டைக்கு மரம் வெட்டியவர்களின் பெயர் இல்லை. அதை இனி மீட்க முடியாது. ஆனால் நேற்றுவரை நடந்ததையாவது காப்பாற்றலாமே.

அதனால் உங்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் தாத்தா கேங்மேனாகவோ, போர்ட்டராகவோ, ஸ்டேஷனுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டிக்காரராகவோ இருந்தாரா? தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் யார், அவர் பிறந்த வருஷம், கண்ணால் பார்த்ததா கேள்விப்பட்டதா, மூன்றையும் சேர்த்துக் குறியுங்கள். பழைய பார்சல் ரசீது, சரக்கு ரசீது, கடைக் கணக்கு, போட்டோ எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள்.

ஆவணம் தேடப் போகிறவர்கள் பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். நம் பாதை 1907 வரை மெட்ராஸ் ரயில்வே, 1908 முதல் சவுத் இந்தியன் ரயில்வே, 1951 முதல் தெற்கு ரயில்வே. 2007 வரை பாலக்காடு கோட்டம், அதன்பின் சேலம் கோட்டம். பெயர் தெரியாமல் தேடினால் பாதிக் காகிதம் கண்ணில் படாது. நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடு 1887இல் வந்தது, அதிலிருந்து தொடங்கலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கும் போய்ப் பாருங்கள்.

கிடைத்ததைக் கீழே பதிவிடுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் சேர்த்து எழுதி வைக்கிறேன்.