அட்டைக்குள் வந்த அணுகுண்டு

எக்ஸ்ரே டார்க்ரூமில் பல வருஷம் நின்றவன் நான். கழுவி எடுத்த பிலிமில் வேண்டாத அடையாளம் தெரிந்தால் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடும். மரக்கிளை மாதிரி கறுப்புக் கோடா? பிலிமை வெடுக்கென்று உருவியதில் உண்டான நிலைமின்சாரம். கழுவும் முன்பே டெவலப்பர் தெறித்திருந்தால் கறும்புள்ளி, ஹைப்போ தெறித்திருந்தால் வெளுத்த புள்ளி. ஓரம் மட்டும் புகைந்திருந்தால் எங்கேயோ வெளிச்சம் நுழைந்திருக்கிறது. அநேகமாக இதற்குள் அடங்கிவிடும்.

அடங்காத புள்ளிகள் 1945-இல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியைப் படுத்தி எடுத்தன. படமே பிடிக்காத புது எக்ஸ்ரே பிலிமைக் கழுவினாலும் கறும்புள்ளிகள்! துப்பறிந்தவர் அங்கே வேலை பார்த்த ஜூலியன் வெப் என்ற இயற்பியல் அறிஞர்.

முதல் சந்தேகம் ரேடியத்தின் மேல். யுத்த காலத்தில் இருட்டில் ஒளிரும் கருவி முகப்புகளுக்கு ரேடியம் பூசுவார்கள். அந்தக் கழிவு பழைய காகிதத்தோடு அட்டை மில்லுக்குப் போய், அட்டை பிலிமைக் கெடுத்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். பிலிமோடு வைத்துக் கட்டியிருந்த வைக்கோல் அட்டையில் இருந்ததோ ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தது. இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டதுதான் வெப்பின் சாமர்த்தியம் என்பேன். அது சீரியம்-141, அணுப்பிளவில் பிறப்பது.

அட்டை தயாரான இடம் இந்தியானா மாநிலத்து வின்சென்ஸ் ஊர், வாபாஷ் ஆற்றங்கரை. தயாரான தேதி 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள்! ஆனால் இந்தத் தூசி அங்கிருந்து வந்ததல்ல. ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ரகசியமாக வெடித்துப் பார்த்தார்களே, அதன் தூசி ஆயிரம் மைலுக்கு மேல் காற்றில் வந்து, மழையோடு ஆற்றில் சேர்ந்து, மில் எடுத்த தண்ணீர் வழியாக அட்டையில் ஏறியிருக்கிறது. வெப் இதை 1949-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

1951 ஜனவரியில் நெவாடாவில் சோதனைகள் தொடங்கின. கோடக் இருந்த ராச்செஸ்டரில் பெய்த பனியிலும் கதிரியக்கம். கம்பெனி புகார் செய்தது. அணுசக்தி ஆணையமும் இனிச் சோதனை பற்றி பிலிம் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே தகவல் தர ஒப்புக்கொண்டது.

அதே தூசியில் அயோடின்-131 இருந்தது. புல்லில் விழுந்து, மாடு மேய்ந்து, பாலோடு குழந்தைகளின் தைராய்டில் போய்ச் சேரும் சரக்கு அது. பால் பண்ணைக்காரர்களுக்கு அப்படி எந்தத் தகவலும் போகவில்லை. 1997-இல்தான் அமெரிக்க செனட்டில் இதைக் கேட்டார்கள்.