அன்னபூரணி: பெயர் மாறிய பாய்க்கப்பல்

கடலோடும் கலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, அதை விலை கொடுத்து வாங்கியவரின் வரலாறு. மற்றொன்று, அதைக் கட்டியவரும் செலுத்தியவரும் விட்டுச்சென்ற வரலாறு. முன்னது நூலேறும், பின்னது பெரும்பாலும் ஊர்ப்பேச்சோடு நின்றுவிடும். இவ்விரண்டும் ஒரே கலத்தில் சந்தித்த நிகழ்ச்சி தமிழர் வரலாற்றில் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவாகி, அமெரிக்கக் கரை வரை சென்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலின் வரலாறே அது.

வல்வெட்டித்துறை இலங்கையின் வடகரையில் அமைந்த சிறு துறைமுக ஊர். ஆயினும் அதன் மக்கள் நெடுங்கடலை முற்றம்போல் கருதி வாழ்ந்தவர்கள். நாகப்பட்டினத்துக்கும் பர்மாவின் துறைகளுக்கும் அவர்களுடைய கப்பல்கள் சென்று வந்தன. பர்மா அரிசியும் தேக்கும் அவ்வழியே யாழ்ப்பாணம் சேர்ந்தன. காற்றே அவர்களுக்கு நாட்காட்டி. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தைப் பிடித்து வடகிழக்கே பர்மாவுக்குச் செல்வர். வாடை திரும்பியதும் அக்காற்றோடு ஊர் திரும்புவர். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் காற்றுக்கு வழங்கிய சமுதாயம் அது. சங்க நூல்களில் நாவாய், வங்கம், நீகான் என்னும் சொற்களைப் படிக்கின்ற மாணவர், அச்சொற்கள் குறித்த வாழ்க்கை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்ததை இங்கே காணலாம்.

1930ஆம் ஆண்டில் அவ்வூர்க் கடற்கரையில் அன்னபூரணி கட்டப்பெற்றது. கட்டியவர் சுந்தர மேஸ்திரியாரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஆவர். நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு. அக்கரைகளில் கப்பல் கட்டுவோர் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். கண்ணளவும் கையளவும், தந்தை மகனுக்குச் சொல்லித் தந்த கணக்குமே அவர்கள் கற்ற கல்வி. ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்தி, அதன்மேல் வங்குகளை நிறுத்தி, பலகை சேர்த்து, இடைவெளிகளில் பஞ்சும் பிசினும் அடைத்துக் கலப்பத்து வேலை முடிப்பர். அவ்வாறு உருவான கலம் புயலையும் பொறுத்தது; பாரத்தையும் பொறுத்தது.

இத்தகைய சரக்குக் கப்பலை உலாக்கப்பலாக்க விரும்பி வாங்கினார் ஓர் அமெரிக்கர். அவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் 32 அடிப் படகில் உலகைச் சுற்றிப் புகழ் பெற்றவர். அப்பயணத்தின்போது இலங்கைக்கும் வந்தவர். 1934இல் கலாபகஸ் தீவுகளில் குடல்வால் நோயால் உயிருக்குப் போராடி, அமெரிக்கப் படையினரின் உதவியால் மீட்கப்பட்டவர். சிறு படகின் சுகமும் துன்பமும் அவரைப்போல் அறிந்தவர் சிலரே. அவர் வல்வெட்டித்துறைக் கப்பலில் எதைக் கண்டார்?

முதலாவது நீளம். ஒரு கலம் நீரைக் கிழித்துச் செல்லும் வேகத்துக்கு இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. நீரைத் தொட்டுக்கிடக்கும் அதன் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அவ்வெல்லை மணிக்கு இத்தனை கடல்மைல் என்று ஏறக்குறையக் கிடைக்கும். 36 அடியானால் 8 கடல்மைல்; 81 அடியானால் 12 கடல்மைல். பாரமேற்றிய கப்பல் அவ்வெல்லையை எட்டுவது அரிது. எனினும் நெடிய கலம் குறுகிய கலத்தைவிட விரைந்து செல்லவும், அலையில் குறைவாகத் துள்ளவும் வல்லது என்பது இக்கணக்கின் பொருள்.

இரண்டாவது வயிறு. அரிசி மூட்டை அடுக்கக் கட்டிய வயிறு, மாதக்கணக்கில் தங்குவதற்கு வேண்டிய நீரும் உணவும் அறைகளும் கொள்ளும். சிறு படகில் மனிதன் பொருள்களுக்கிடையே ஒடுங்கி வாழ்கிறான்; பெரிய கலத்திலோ வீடே உடன்வருகிறது.

மூன்றாவது பாய். கப்பலின் குறுக்கே பருமல்களில் விரியும் சதுரப் பாய் பின்காற்றுக்கு ஏற்றது. நெடுக்குவாட்டில் நிற்கும் பாய், காற்றை ஓரளவு எதிர்த்தும் செல்லவல்லது. மாதக்கணக்கில் ஒரே திசையில் காற்று வீசும் கடல்களில் சதுரப் பாய்க்கு இணை இல்லை. மேலைநாடுகளில் நீராவி வந்தபின் அப்பாய் அருகியது. வல்வெட்டித்துறையில் அது அன்றாடத் தொழிற்கருவியாகவே இருந்தது.

1937இல் கப்பல் இலங்கையை விட்டுப் புறப்பட்டது. வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர் அதில் சென்றனர். தண்டையலாக விளங்கியவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. சபாரத்தினம், சிதம்பரப்பிள்ளை, சுப்பிரமணியம், இரத்தினசாமி என்போர் ஏனைய நால்வர். அரபிக் கடலைத் தாண்டி ஏடன், அங்கிருந்து செங்கடல். அக்கடலின் வடபாதியில் காற்று ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசும். பாய்க்கப்பலுக்கு அது மூக்கில் வந்து மோதும் காற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல் பாய்க்கப்பலை வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வழியைக் கடந்து, மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா எனச் சென்ற கப்பல், 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் குளூஸ்டர் துறையை அடைந்தது. பாஸ்டன் நாளேடு அச்செய்தியை வெளியிட்டது.

குளூஸ்டர் ஏதோ ஒரு துறையன்று. பாய்க்கப்பலில் சென்று மீன்பிடித்த பரம்பரை வாழும் ஊர் அது. அதே ஆண்டு அக்டோபரில், புகழ்பெற்ற கனடியக் கப்பல் 'புளூநோஸ்' குளூஸ்டர்க் கப்பலோடு போட்டியிட்டு வென்றது. அத்தகைய ஊராரின் கண்முன்னே தமிழர் கட்டிய கலத்தைத் தமிழ் மாலுமிகள் கொண்டு சேர்த்தனர். வல்வெட்டித்துறை மேஸ்திரிமாரின் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய தேர்வு வேறு யாது?

ஆனால் கப்பலின் பெயர் அப்போது அன்னபூரணி அன்று. உடையவர் தம் மனைவியின் பெயரால் அதைப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கியிருந்தார். கலத்தை வாங்கியவர் பெயரை மாற்றுவது கடலுலக வழக்கமே; அதில் குற்றம் காண்பதற்கில்லை. அவர் அக்கலையை மதித்தவர் என்பதிலும் ஐயமில்லை. 1942இல் தமக்கென அவர் கட்டிக்கொண்ட 'வருவா' என்னும் 70 அடிக் கப்பலும் இரட்டைப் பாய்மரமும் முன்மரத்தில் சதுரப் பாயும் உடையது. ஆயினும் பெயர் போனால் தடமும் போகும். புளோரன்ஸ் என்னும் பெயரைப் படிப்பவர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையை நினைக்க வழியேது?

இதற்கு நேர்மாறான கதை கட்டுமரத்தினுடையது. மரங்களைக் கயிற்றால் பிணைத்த நம் மீனவர் கலத்தின் பெயர் ஆங்கிலத்தில் புகுந்தது. ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் அதைக் குறித்தார். 1876இல் அமெரிக்கர் ஹெரஷாஃப் கட்டிய இரட்டையுடற் படகின் வகைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இன்று செல்வர்கள் உலாப்போகும் இரட்டையுடற் படகுகள் உலகெங்கும் அத்தமிழ்ப் பெயரையே தாங்குகின்றன. வடிவம் மட்டும் வேறு. கட்டுமரத்தில் பெயர் பிழைத்தது, வடிவம் மாறியது. அன்னபூரணியில் வடிவம் பிழைத்தது, பெயர் மாறியது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருக்கு இச்செய்தி அயலானது அன்று. அன்னபூரணி உருவானதற்கு முந்திய ஆண்டாகிய 1929இல்தான் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு கரையில் தமிழர் கை மரத்தைச் செதுக்கிக் கப்பலாக்கிய அதே காலத்தில், இம்மலையில் தமிழர் கை காட்டை அழித்துத் தோட்டமாக்கியது. 1885இல் நிலம் அளக்க வந்த கேமரனின் பெயரை மலை தாங்குகிறது. தோட்டம் தொடங்கியவரின் பெயரை வரலாறு சொல்கிறது. முதற்செடி நட்டவர் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது?

வல்வெட்டித்துறையார் தம் தண்டையலின் பெயரை மறக்கவில்லை. அதனால்தான் வேற்றுப் பெயர் தாங்கிய கலத்தையும் இன்று நாம் அன்னபூரணி என்றே அழைக்க முடிகிறது. தோட்டப் பள்ளி ஆசிரியர் இதிலிருந்து ஒரு பயிற்சி பெறலாம். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' முதலிய கப்பல்களில் ஏறி வந்த பாட்டன் பாட்டியர் யார், எந்த ஊரார், எந்த ஆண்டு வந்தனர், இம்மலையில் எந்த வேலைக்காட்டில் முதலில் கை வைத்தனர் என்று ஒவ்வொரு மாணவனையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் செய்க. உடையவரின் வரலாறு தானே எழுதப்படும். உழைத்தவரின் வரலாற்றை அவர்தம் பேரப்பிள்ளைகளே எழுதவேண்டும்.